கேக் வெட்டாத வாள்

குத்தாலத்தில் பஸ் ஏறியதிலிருந்து முன் சீட்டில் இருந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவே இல்லை. பாதி வழியில் அண்ணன்தான் ஆரம்பித்தார்.

“அந்த வாள் கேக்கைக்கூட வெட்டாதும்மா.”

“வெட்டுச்சே. ஊரே போன்ல பாத்துச்சே. அதுக்குத்தானே எம்புள்ளையப் புடிச்சு உள்ள வச்சிருக்காங்க.”

“வெட்டல, நசுக்குச்சு. வீடியோவ நல்லாப் பாரு. சோழர் காலத்து வாள் மாதிரி லாரி ஸ்பிரிங் பட்டையில நானே அடிச்சது. சாணையே புடிக்கல.”

“இத போலீஸ்கிட்ட சொன்னீங்களா?”

“உள்ளங்கையில இழுத்தே காட்டுனேன். அவங்க நீளத்தத்தான் அளந்தாங்க.”

“பொறந்த நாளுக்குன்னு கேட்டப்ப இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல? அடுத்த வாரம் துபாய் போக வேண்டிய புள்ள. கேஸ் இருந்தா எவன் விசா குடுப்பான்?”

“புடிச்சு போட்டோ எடுத்துக்கத்தான் கேட்டான். செவுரு பூரா வாள் மாட்டி வச்சிருக்கேன், எவனும் ஏறெடுத்துப் பாத்ததில்ல. ‘சூப்பரா இருக்கு மாமா’ன்னு சொன்னது அவன் ஒருத்தன்தான். எப்படிம்மா இல்லன்னு சொல்றது?”

அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் இறங்கக் காத்து நிற்கும்போது அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஸ்டேஷன்ல அதுக்கு எண்ணெய் தடவி வச்சிருப்பாங்களா? கை ஈரம் பட்டாலே துருப்புடிச்சிடும்.”

“எம்புள்ள சாப்டானான்னு ஒரு தடவ கேட்டீங்களாண்ணே?”