பின்னால் நிற்பவன்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் என் தங்கையும் பதினோரு வருடம் ஜோடியாகப் பட்டம் விட்டவர்கள். சின்னப்பிள்ளைகள் விடும் ஒற்றை நூல் பட்டம் இல்லை. ஓர் ஆளைவிட அகலமான முக்கோணத் துணி, இரண்டு கயிறு, கைக்கு ஒரு பிடி. இடது கையை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலது கையை இழுத்தால் வலப்பக்கம். என்னுடையது பச்சை, அவளுடையது மஞ்சள். துணியைத் தைத்தது அவள். தையல்தான் அவள் தொழில். நான் மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவன், அதனால் முடிச்சும் அளவும் என் பொறுப்பு. இரண்டு பட்டமும் ஒரு சாண் இடைவெளியில் சேர்ந்து திரும்பும்போது, ஒரே ஆள் விடுகிறாரா என்று வேடிக்கை பார்ப்பவர்கள் கேட்பார்கள்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், எந்நேரமும் சிரித்த முகம். மூன்றாம் மாதம் தங்கை என்னிடம் வந்தாள்.

“அண்ணா, அவருக்கும் ஆசையா இருக்காம். உன் பச்சையக் குடேன். நீ வேற ஒண்ணு செஞ்சுக்கலாம்ல.”

“அப்ப நான் என்ன பண்றது?”

“நீ பின்னாடி நின்னு பாத்துக்கோ. அதுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?”

கொடுத்தேன். வேறு ஒன்று செய்யவில்லை. செய்து யாரோடு விடுவது?

பின்னால் நிற்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பட்டத்தை எழுப்ப, இரண்டு கையையும் சேர்த்துச் சுண்டியபடி பின்னால் நடக்க வேண்டும். அப்போது கண்ணைப் பட்டத்திலிருந்து எடுக்கக் கூடாது. அதனால் பின்னால் ஒருவர் நின்று தரையைப் பார்த்துக்கொண்டு, இடம் முடிகிற நேரத்தில் ‘போதும்’ என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலை நம்பித்தான் அடி வைப்பார்கள்.

மாப்பிள்ளைக்குக் கை படியவில்லை. பட்டத்தைத் தலைகுப்புறக் குத்துவார், தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் ஒரே ஒரு தடவை குத்தியதற்கு ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தவள் அவள். பொறாமையா என்று கேட்கிறீர்கள். பொறாமைதான். வேறு நல்ல பெயர் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர் குத்திக்கொண்டே இருந்திருந்தால் நானும் பொறுத்துக்கொண்டே இருந்திருப்பேன். போன மாதம் ஒருநாள் பச்சையும் மஞ்சளும் சேர்ந்து திரும்பின. பக்கத்தில் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் என்னிடம், “ரெண்டையும் ஒரே ஆளா சார் விடுறாரு?” என்று கேட்டார்.

பட்டத்தின் வயிற்றில் கட்டும் கயிற்றுக்குச் சூத்திரம் என்று பெயர். கையிலிருந்து போகும் கயிறு அதில் ஒரு முடிச்சில் சேரும். முடிச்சை மூக்குப் பக்கம் ஏற்றினால் பட்டம் முன்னால் சாய்ந்து சட்டென்று கிளம்பும். வால் பக்கம் இறக்கினால் ஒரு முழம் எழும்பிவிட்டு உட்கார்ந்துவிடும். விடுகிறவர் இன்னும் இரண்டடி பின்னால் போய்ப் பார்ப்பார். சரியான இடம் மறக்காமலிருக்கத் தங்கை சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு முடிச்சையும் புள்ளிக்குக் கீழே ஒரு விரற்கடை இறக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. வேலை என்றால் ஒழுங்காக இருக்க வேண்டும்.

பட்டம் எழும்பாது, அவளுக்குப் பொறுமை போகும், “அண்ணா, நீ பிடி” என்பாள். என் எண்ணம் இவ்வளவுதான் என்று எழுதிக்கொண்டால் எனக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமையே நான் பட்டம் விடும் இடத்துக்குத் தனியாகப் போயிருந்தேன். கடலோரத்தில் கப்பல் சரக்கு இறக்கிய பழைய தளம் அது. சிமெண்டுத் தரை, கடல் பக்க விளிம்பில் கம்பி கிடையாது, இரண்டு மாடி ஆழத்தில் பாறை. காற்று கடலிலிருந்து வருவதால் விடுகிறவர் விளிம்புக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். வழக்கமாக விளிம்பிலிருந்து அறுபதடி தள்ளிப் பிடியை வைத்துக் கயிற்றை விரிப்போம். ஞாயிற்றுக்கிழமை விரித்தது நான். பதினாறடி தள்ளி விரித்தேன்.

தங்கையின் மஞ்சள் மேலே ஏறிவிட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டு, “வாங்களேன், எவ்ளோ நேரம்” என்று அவரைக் கூப்பிட்டாள். அவர் சுண்டினார், பச்சை எழும்பி உட்கார்ந்தது. பின்னால் போனார். மறுபடி உட்கார்ந்தது.

“மச்சான், பின்னாடி எடம் இருக்கா?”

“இருக்கு மாப்ள.”

அப்போது பத்தடி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். இருக்கு என்றேன். அப்போது இரண்டடி இருந்தது. இருந்ததைத்தான் சொன்னேன்.

‘போதும்’ என்று கத்தியதாக முதல் நாள் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். அதுவும் பொய் இல்லை. தங்கை உங்களிடம் திருத்திச் சொன்னது கூடுதல் சரி. கண் பட்டத்தில் இருந்தாலும் அவள் காது சும்மாதானே இருந்தது. முதலில் அவர் சத்தம் கேட்டது, பிறகுதான் என் குரல் கேட்டது என்றிருக்கிறாள். ஆமாம். அவர் கால் விளிம்பைத் தாண்டிய பிறகுதான் சொன்னேன். எல்லாரும் கீழே பார்க்க ஓடியபோது நான் பச்சையிடம் போய் முடிச்சுகளைச் சிவப்புப் புள்ளிக்கு ஏற்றிவைத்தேன். அடுத்த தடவை அவள் கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டும் அல்லவா.

அவரைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஜன்னலைச் சாத்த வேண்டாம். இது நல்ல காற்று, வாரக்கடைசி வரைக்கும் நிற்கும். தங்கை அங்கே போனால் தனியாகப் போக வேண்டாம் என்று யாராவது சொல்லுங்கள். அவள் பின்னால் திரும்பிப் பார்த்துப் பழகியதே இல்லை, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.