சார்லஸ் பார்த்துக்கொள்ளும் பாய்லர்

புதுச்சேரி கடற்கரைத் திடலில் ராக் கச்சேரி. இரவு பதினொன்றரை. தண்ணீர் பாட்டில் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு நண்பர்கள் நின்றார்கள். டிரம்ஸ் சத்தத்தில் கத்தித்தான் பேசினார்கள்.

"நான் இப்ப சேதராப்பட்டு கம்பெனில பாய்லர் பாத்துக்கிட்டு இருக்கேன், தெரியுமா?" என்றான் தாடிக்காரன்.

"அப்ப இங்க நிக்கிறது யாரு?" என்றான் கண்ணாடி போட்டவன்.

"நைட் ஷிஃப்ட் எனக்குத்தான். எனக்குப் பதிலா சார்லஸ் நிக்கிறான். என் அட்டெண்டன்ஸ் கார்டையும் அவன்கிட்ட குடுத்துட்டேன்."

"பாய்லர ஒரு நிமிஷம்கூட ஆளில்லாம விடக் கூடாதுன்னு நீதான சொல்லுவ?"

"அதான் அவன் இருக்கானே. பத்து மணிக்கே கார்டு போட்டுட்டேன்னு மெசேஜ் அனுப்பிட்டான். முன்ஷிஃப்ட் ஆளும் வீட்டுக்குப் போயிட்டாரு."

"கார்டு உள்ள போச்சு, சரி. சார்லஸ் உள்ள போனானா?"

தாடிக்காரன் ஃபோனைக் காதில் வைத்தான். இரண்டு முறை அடித்தான்.

"எடுக்க மாட்டேங்கிறான். பாய்லர் சத்தத்துல கேக்கல போல."

கண்ணாடிக்காரன் மேடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபோன வைடா. அங்க முன்னாடி சட்டையக் கழட்டிச் சுத்தறான் பாரு, அது யாரு?"