அனெல்லி இரண்டும் நேராக

“ரெண்டு கூரும் முட்ட வேணும்,” என்றார் பீலிக்ஸ்.

“முட்டாட்டி?”

“முட்டாட்டியும் குழாயை வைச்சு இறுக்கலாம். பாக்கிறவைக்கு வடிவாத்தான் இருக்கும். ஆனா உள்ளுக்கை நெளிஞ்சு போடும். பிறகு குறி வைக்கிறது பண்டிக்கு, படுறது ஒலிவ் மரத்துக்கு.”

“சில ஆக்களும் அப்பிடித்தானே,” என்றேன்.

பீலிக்ஸ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டார். அதை எடுக்கக் குனிந்தவர், வேண்டியதைவிடச் சற்று அதிக நேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தார். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

வேட்டைத் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கிக் குழாயைப் பிடித்திருக்க முன்னும் பின்னுமாக இரண்டு வளையங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கூர்க்கம்பியைச் செருகி, இரண்டு கூரும் நடுவில் சந்திக்கின்றனவா என்று பார்த்தால் வளையங்கள் நேராக நிற்கின்றனவா என்பது தெரிந்துவிடும். இத்தாலியின் பலேர்மோவில் அந்த வளையங்களுக்கு அனெல்லி என்று பெயர். கலியாண மோதிரத்துக்கும் அதே பெயர்தான். இந்த மொழியை நான் உண்டாக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் எமிலியானா, ஊர் மன்னார். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பலேர்மோவின் கால்சாப் பகுதியில் சிஞ்ஞோர் காஸ்பரேயின் வீட்டில் வேலை செய்தேன். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். காரை அவரே ஓட்டுவார். ஆனால் முழங்கால் பிடிவாதம் செய்ததால் கடைக்குள் படியேற என் கை வேண்டும். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருந்த துப்பாக்கிக் கடைக்கு அப்படித்தான் முதன்முதலாகப் போனேன். கூட்டித் துடைக்கச் சேர்ந்த பீலிக்ஸ், முதலாளியின் கை நடுங்கத் தொடங்கிய பிறகு வளையங்களைப் பூட்டும் வேலையையும் பார்த்தார். அன்று அவர் பூட்டிய வேலை நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தால் சிஞ்ஞோர் ஏன் மறுபடி அந்தக் கடைக்குப் போகப்போகிறார்?

துப்பாக்கியை வைத்துப் பூட்டும் அலுமாரியின் திறப்பு கோப்பிப் போத்தலுக்குப் பின்னால் இருக்கும். சிஞ்ஞோர் மதியத்தில் கண்ணயர்வார். கோப்பி உறையின் உட்புற வெள்ளித்தாளில் நகத்தளவு வெட்டி, பின் வளையத்தின் அடியில் வைத்துத் திரும்ப இறுக்கினேன். வெளியே எதுவும் தெரியாது. வேட்டைக்குப் போகும் மலையில்தான் தெரியும்.

இதைக் காட்டுப்பன்றிகளுக்காகச் செய்தேன். குட்டி போட்ட பன்றிகளும் இருக்கும் அல்லவா. கசாப்புக் கடைப் பன்றியை நான் நன்றாகச் சமைப்பேன், அது வேறு விஷயம்.

சிஞ்ஞோர் வெறுங்கையோடு வந்தார். கடைக்குப் போனோம். பீலிக்ஸ் வளையத்தைக் கழற்றி, வெள்ளித்தாளை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அடுத்த முறையும் அப்படியே செய்தார். ஒருமுறை மட்டும், “கோப்பியை மாத்திப்போட்டியளோ?” என்று கேட்டார்.

மாற்றியிருந்தோம்.

ஒருநாள் பீலிக்ஸ் நான் தங்கியிருந்த மொனிகா அக்கா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, “எமிலியானாட்டைச் சொல்லுங்கோ, அனெல்லி ரெண்டும் ரெடி, வந்து பாக்கட்டாம்,” என்றிருக்கிறார். அடுத்த ஞாயிறு பூசை முடிவதற்குள் கோயில் முழுக்க எங்களுக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது.

“எடி கள்ளி, சொல்லவேயில்லை,” என்றார் மொனிகா அக்கா. “மோதிரம் வரைக்கும் வந்திட்டியள். நாள் எப்ப?”

“அவரைக் கேளுங்கோ,” என்றேன். அது பொய்யில்லை.

அக்கா அவரிடமும் கேட்டார். “சிஞ்ஞோருக்குத்தான் தெரியும்,” என்றாராம் பீலிக்ஸ். அதுவும் பொய்யில்லை.

ஆனால் கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் பெண் தானே வாய் திறந்து கேட்பதில்லை. பெண் பக்கத்துப் பெரியவர் ஒருவர் போய்க் கேட்க வேண்டும். என் அப்பா கடலுக்கு அப்பால், சண்டைக்கு நடுவில் இருந்தார். ஆகவே நான் வெள்ளித்தாள் வெட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் சிஞ்ஞோரின் நண்பர்கள் அவரைப் “பன்றிகளின் காவல் சம்மனசு”, பன்றிகளைக் காக்க வந்த தேவதூதர், என்று அழைக்கத் தொடங்கினார்கள். அவர் கண் வைத்தியரிடம் போனார். கண்ணில் குறையில்லை என்றார் வைத்தியர். சிஞ்ஞோர் நம்பவில்லை, வேறு வைத்தியரிடம் போய்க் கண்ணாடி வாங்கினார். அதன் பிறகு உண்மையாகவே கதவுகளில் மோதினார். கார் ஓட்டுவதை விட்டார். ஒரு பின்னேரம் குசினி மேசையில் அமர்ந்து, “நான் முடிந்துவிட்டேன், எமிலியானா,” என்று அழுதார். நான் கமோமில் தேநீர் போட்டுக் கொடுத்தேன். தேன் கொஞ்சம் கூடவே விட்டேன்.

பிறகுதான் துப்பாக்கியை மருமகனுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை கடைக்குப் போய்ச் சரிபார்ப்பதாம். அன்றிரவுதான் எனக்கு முதன்முதலாக நித்திரை வரவில்லை.

கடையில் பீலிக்ஸ் கூர்க்கம்பிகளை நேர்ப்படுத்திக்கொண்டே மெல்லக் கேட்டார்: “இனி வரமாட்டியளோ?”

“துவக்கு இல்லாமல் என்னெண்டு வாறது?”

“கோப்பி குடிக்க வரலாம்.”

“கூப்பிட்டால் வரலாம்.”

பீலிக்ஸ் தலை குனிந்து, முட்டிக்கொண்டு நின்ற இரண்டு கூர்களையே பார்த்தார். சட்டைப் பை இதுவரை சேர்த்த வெள்ளித்தாள்களால் புடைத்திருந்தது. எங்களுடைய தமிழ் புரியாத சிஞ்ஞோர், என் தோளைப் பிடித்து எழுந்து, புதுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பீலிக்ஸ்,” என்றார், “இந்தப் பெண் என்னோடு இங்கே வரும் ஒவ்வொரு முறையும் தலைவாரிப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறாள். கேட்க இங்கே இவளுக்குத் தகப்பன் இல்லை. நானே கேட்கவேண்டும் என்று நெடுநாளாக நினைத்தேன். கண் கெட்ட கிழவன் தப்பாகப் பார்த்திருப்பேனோ என்று பயந்துதான் இருந்துவிட்டேன்.”

அவருக்குக் கண் கெடவில்லை என்று சொல்ல அதுவே நல்ல தருணம். நான் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டேன். முழங்காலையும் பார்க்க வேண்டும் அல்லவா.

உட்காராமலே சொன்னார்: “நான் வைத்த குறி எதுவும் இப்போது படுவதில்லை. இது ஒன்றாவது படட்டும். இவளைக் கட்டிக்கொள்.”