பாட்டுப் புத்தகப் பெட்டி

எங்கள் வாசிப்பறையில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில்தான். மை சிந்தினால் காகிதம் போயிற்று. எங்கள் துறவற சபையின் ஆவணக் காப்பகத்தை முப்பத்தொரு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். என் கையால் ஒரு தாள்கூடக் கிழிந்ததில்லை. விசாரிக்க வந்திருக்கிறீர்கள், முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

1998 செப்டம்பரில் நோரீன் வாபாஸ் தன் அத்தை ஆக்னஸோடு வந்தாள். நோரீன் கனடாவின் சாஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வு செய்துகொண்டிருந்தாள். க்ரீ என்ற பூர்வகுடி இனத்துப் பிள்ளைகளுக்காக எங்கள் சபை நடத்திய ஏரிக்கரை விடுதிப் பள்ளியின் அடக்கப் பதிவேடு அவளுக்கு வேண்டும். அத்தைக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு வரி. அவளையும் அண்ணன் லியோனையும் சேர்த்துத்தான் அந்தப் பள்ளிக்குப் பிடித்துப் போனார்கள். 1949 குளிர்காலத்தில் இருமலோடு நோயறைக்குப் போன லியோன் திரும்பவில்லை. அவனுக்கு ஒன்பது வயது.

"கல்லு ஒண்ணு வைக்கணும் தம்பி. எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல" என்றாள் ஆக்னஸ்.

வருவதற்கு முன்பே கடிதம் எழுதிக் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. நோரீன் எழுதியிருந்தாள். அதனால் முந்தின நாளே பதிவேட்டைப் படித்துவிட்டேன். எல்லாம் பள்ளித் தலைவர் கிரெனியே பாதிரியாரின் கையெழுத்து. அப்பா இல்லாத எனக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்து, இந்த வேலையும் வாங்கிக் கொடுத்தவர். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் பத்தொன்பது பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த வரிசை, எத்தனையாவது குழி என்று இருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அழகாக, 'மருத்துவர் தேவையில்லை' என்றும் இருந்தது. நான் அதைப் படித்தபோது பாதிரியார் மாடியறையில் குருவிகளுக்கு ரொட்டித்தூள் போட்டுக்கொண்டிருந்தார். வயது எழுபத்தொன்பது.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. தேடிக்கொண்டு வருகிறவர்கள் மேல். செத்தவர்கள் தங்கள் பாட்டுக்குக் கிடக்கிறார்கள், இவர்களுக்கு என்ன அவசரம்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு பதினோராயிரம் பெட்டியாக இருந்தால் மறைக்கலாம். எரிப்பது காட்டுமிராண்டி வேலை, நான் படித்தவன். பழைய தேவாலயப் பாட்டுப் புத்தகங்கள் இருந்த பெட்டியில் பதிவேட்டை வைத்தேன். எதை இடம் மாற்றினாலும் சீட்டு எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. எதை, எங்கிருந்து, எங்கே, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்திட்டு, சீட்டை என் மேசை இழுப்பறையில் போட்டேன்.

மறுநாள் நோரீன் பெட்டியைத் திறந்தாள்.

"அட்டவணையில இருக்கு, பெட்டியில இல்ல. கால் முளைச்சு நடந்து போச்சா?"

"பழைய காகிதம்மா. காணோம்."

"கேக்குறவ க்ரீக்காரின்னா எல்லாமே காணாமப் போயிடும், இல்ல?" மேசையில் ஓங்கி அடித்தாள். பென்சில்கள் உருண்டன.

ஆக்னஸ் அவள் கையைப் பிடித்தாள். "கத்தாதடி. தம்பி தேடித் தருவாரு. இதெல்லாம் அவரு அப்பன் வீட்டுச் சொத்தா என்ன, ஒளிச்சு வைக்க?"

போகும்போது துணியில் சுற்றிய, க்ரீக்காரர்கள் வீட்டில் சுடும் பானக் ரொட்டியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். வாசிப்பறையில் சாப்பாடு கூடாது. என் அறையில் வைத்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அந்தப் பள்ளியில் படித்த முதியவர்களைக் கேட்டுக் கேட்டே நோரீன் ஆய்வேட்டை எழுதி முடித்தாள். இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே என்று சபையின் வக்கீல் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போட்டார். பல்கலைக்கழகம் என்னிடம் விளக்கம் கேட்டது. அப்படியொரு பதிவேடு கிடைக்கவில்லை என்று எழுதினேன். ஆதாரமில்லை என்று ஆய்வேட்டைக் கிடப்பில் போட்டார்கள், அவளுக்கு வரவிருந்த வேலையும் போயிற்று.

"நீ தேடவே இல்லடா" என்று தொலைபேசியில் கத்தினாள். என் தொழிலைப் பற்றி அப்படிப் பேசியது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஆராய்ச்சிச் சுதந்திரம் என்று மேடையில் முழங்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? சாவி என்னிடம் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கோடையில் நான் ஓய்வு பெற்றேன். எனக்குப் பின் வந்த பெண் இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது சீட்டு அகப்பட்டது, அதில் எழுதியிருந்த பெட்டியில் பதிவேடும் இருந்தது. லியோன் மூன்றாம் வரிசையில், ஏழாவது குழியில் இருக்கிறான். நோரீன் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். இந்த முறை கத்தவில்லை.

"அத்தை மார்ச்சுல போயிட்டா. ஒளிச்சு வெச்சவன் எதுக்குச் சீட்டு எழுதின?"

"விதிம்மா" என்றேன். முகத்தில் துப்பினாள். துடைத்துக்கொண்டேன்.

கிரெனியே பாதிரியார் 2004லேயே இறந்துவிட்டாரே, அதற்குப் பிறகாவது எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எடுத்திருந்தால், அதுவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் மறைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னை அலட்சியக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். 'தம்பி, கிடைத்ததா?' என்று கேட்டு ஒவ்வொரு டிசம்பரிலும் ஆக்னஸ் ஒரு கடிதம் போடுவாள். பதினோரு கடிதங்கள். ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன், போய்ப் பாருங்கள், ஒன்றுகூடத் தொலையவில்லை.