புகையாத கங்கு

குளிர்காலத்தில் இந்த மலையில் எல்லார் வீட்டிலும் கரண்டு பில் கூடத்தான் வரும். ஹீட்டர் இல்லாத வீட்டில்கூட வெந்நீர் வாளியில் ஒரு ராடாவது தொங்கும். அதனால் மார்கழிக் கடைசியில் என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தபோது நான் பதறவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். போன குளிர்காலத்தைப் போல மூன்று மடங்கு போட்டிருந்தது.

நீங்கள் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறீர்கள், சார். கீழேயிருந்து இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தவர் என்று அதிலேயே தெரிகிறது. என் தம்பி மனைவி லாவண்யாவும் அப்படித்தான் பிடிப்பாள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. என் தம்பி படுத்திருந்த அறையின் வெண்டிலேட்டரில் சாக்கை அடைத்தது யார் என்று. நான்தான். அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நீங்கள் வேறு மாதிரி எழுதிக்கொள்வீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கிளை நூலகத்தில் வேலை. பேசாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நடுவில் நான் சும்மா இருந்தால் முடிந்துவிட்டதென்று எழுந்துவிடாதீர்கள்.

நாங்கள் மேல்மலைக்காரர்கள். அப்பா பூண்டுக் காட்டை விற்றுவிட்டுச் செண்பகனூரில் இந்த வீட்டை வாங்கினார். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அப்போது மனோஜ்குமார் இரண்டாம் வகுப்பு. நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எனக்குப் பெண் தர வந்தவர்களிடம் தம்பி பெரியவனாகட்டும் என்று சொன்னேன். அவன் பெரியவனானான். அதற்குள் ஆட்கள் வருவது நின்றுபோயிருந்தது. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

அவனுக்குக் கால் சில்லிட்டால் தூக்கம் வராது. என் கால்களுக்கு நடுவில் அவன் கால்களை வைத்துக்கொள்வேன். உறைபனி விழுகிற நாட்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் கரிக் கங்கு போட்ட கணப்புச் சட்டியும் வைப்பேன். "அண்ணே, நான் தூங்குனதும் எடுத்துருவியா?" என்று தினமும் கேட்பான். "எடுத்துருவேன், கண்ண மூடுலே" என்பேன். தினமும் எடுத்தேன். வாசலில் கொண்டுபோய் வைத்துத் தண்ணீர் தெளிப்பேன்.

மலையில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புகைகிற கரி கண்ணைத்தான் எரிக்கும். நன்றாகக் கனன்று, புகை நின்று, பார்க்க அழகாக இருக்கிற கங்குதான் அடைத்த அறையில் ஆளை எடுக்கும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஒருத்தி குளிருக்குப் பயந்து அடைக்கோழியையும் குஞ்சுகளையும் கங்குச் சட்டியோடு ஓர் அறையில் வைத்துச் சாத்தினாள். காலையில் கூடையைத் தூக்கினால் எல்லாம் தூங்குகிற மாதிரியே இருந்தன. நான் தொட்டுப் பார்த்தேன். அறைச் சூட்டில் இறகு வெதுவெதுப்பாகவே இருந்தது.

மனோஜ் டூரிஸ்ட் வண்டி ஓட்டத் தொடங்கியபோது, முதல் சீசன் காசில் ஒரு லாட்ஜில் கழித்துக் கட்டிய கீசரை வாங்கி வந்து என் குளியலறையில் மாட்டினான். "இனிமே நீ பச்சத்தண்ணில குளிக்கக் கூடாதுண்ணே" என்றான். அதில் சின்னதாகச் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அதை நான் அணைப்பதில்லை. அது எரிந்தால் வீட்டில் இன்னொருவர் இருக்கிற மாதிரி இருக்கும்.

பிறகு அவன் சுற்றுலாக்காரர்களைப் பழநிக்கு ஏற்றிப் போனான். அடிவாரத்தில் ஒரு பஞ்சாமிர்தக் கடை. அந்தக் கடைக்காரர் மகள் லாவண்யா. எல்லாம் முடிவான பிறகு எனக்குத் தெரிவித்தான். கேட்கவில்லை, தெரிவித்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு கூடத்தின் நடுவில் பிளைவுட் அடித்து வீட்டை இரண்டாக்கினோம். அப்போதே அவன் மீட்டர் பேச்சை எடுத்தான்.

"அண்ணே, தனி மீட்டர் வாங்கிருவோம். ஃப்ரீ யூனிட்டு ரெண்டு பக்கமும் கெடைக்கும். நமக்கு லாபந்தான்."

"ரெண்டு மீட்டர்னா ரெண்டு குடும்பம்னு ஆயிரும்லே."

"குறுக்க பலகையே அடிச்சாச்சு. இனிமே மீட்டர் ஒன்னுதான் நம்மளச் சேத்து வெச்சிருக்குன்னு சொல்லு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் விளையாட்டாகச் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

பழநிப் பெண்ணுக்கு இந்தக் குளிர் புதிது. அவன் ஹீட்டர் வாங்கிக்கொடுத்தான். கம்பி சூடாகும்போது டிக் டிக் என்று சத்தம் வரும். பிளைவுட் பலகைகள் சேருகிற இடத்தில் ஓர் இடுக்கு உண்டு. ஹீட்டர் எரிந்தால் அந்த இடுக்கு ஆரஞ்சு நிறக் கோடாக என் சுவரில் நிற்கும். நான் படித்துக்கொண்டிருப்பேன். கண் அந்தக் கோட்டுக்குப் போய்விடும்.

பேச்சும் கேட்கும். ஒட்டுக்கேட்டேன் என்று எழுதாதீர்கள். பிளைவுட் அவ்வளவுதான்.

"ஃபேனுக்கு அடில படுத்துக் கெடந்தவள இந்த ஐஸ்பெட்டிக்குள்ள கொண்டாந்து போட்டுட்டீங்க" என்பாள்.

"நானா கொண்டாந்தேன்? ஒரு டப்பா பஞ்சாமிர்தந்தான் வாங்குனேன். நீதான அது கூடவே ஒட்டிக்கிட்டு வந்த."

அதற்கு அவள் சிரிப்பாள். அவள் சிரித்து முடிக்கும்வரை அவன் காத்திருப்பான். அந்தக் காத்திருக்கும் நேரமும் எனக்குக் கேட்கும்.

பில் வந்ததும் அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "முழுசும் நான் கட்டிர்றேண்ணே" என்றான். "பணத்துக்குச் சொல்லலலே. வீணாப் போகுதேன்னு சொன்னேன்" என்றேன். அன்று சாயங்காலமே ஹீட்டரை வயர் சுற்றிக் கொண்டுவந்து என் பக்கம் வைத்தான். "நீயே வெச்சுக்கண்ணே. அங்க இருந்தா அவ போட்டுருவா." நான் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சுவரில் கோடு இல்லை. இனி நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

ஆனால் ஹீட்டர் இருந்தவரை அவர்கள் தனித்தனிப் போர்வையில் படுத்திருந்தார்கள் போல. இப்போது இரண்டு குரலும் ஒரே கம்பளிக்குள்ளிருந்து வந்தன. "காலு ரெண்டும் ஐஸாட்டம் கெடக்குங்க" என்றாள். "குடு இங்க" என்றான். பிறகு அங்கே சத்தமே இல்லை. அவள் கால்களை அவன் எங்கே வைத்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

சொன்னேனே, நடுவில் சும்மா இருப்பேன் என்று. டீ ஆறிவிடும், குடியுங்கள்.

அன்றைக்கு அவன் வெள்ளனே ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினான். அங்கேயே தங்கி மறுநாள் வருவதாகப் பேச்சு. எனக்கு நூலகம் விடுமுறை. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி எதிர் வீடு தெரியவில்லை. லாவண்யா கதவைத் தட்டினாள். சால்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, காச்ச அடிக்குது. ஹீட்டர மட்டும் செத்த நேரம் தர்றீங்களா? அவரு கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"அது எதுக்கும்மா? பில்லு ஏறும். கணப்பு வெச்சுத் தர்றேன்."

சீகைமரக் கரி இருந்தது. வாசலில் வைத்து விசிறினேன். அவசரப்படவில்லை. புகை முழுவதும் போய், கங்கு ஒரே சீராகச் சிவக்கிறவரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலே வெண்டிலேட்டர் வழியாகச் சில்லென்று காற்று வருகிறது என்று அவளேதான் சொன்னாள். நான் ஸ்டூலில் ஏறினேன். அது ஆடாமல் அவள் பிடித்துக்கொண்டாள். சாக்கை மடித்து இறுக்கமாக அடைத்தேன்.

"பொகையே வரலையே மாமா. நான் கண்ணு எரியும்னு பயந்தேன்."

"முத்துன கங்கும்மா. பொகையாது."

"அப்பறம் இத வெளிய எடுக்கணுமா?"

"நீ படு. நான் பாத்துக்கிறேன்."

தலைவலி வந்து, இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் பழநிக்கே போய்விடட்டும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று நேற்று உங்கள் ஏட்டையாவிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கோழியையும் குஞ்சுகளையும் தொட்டுப் பார்த்தவன் அப்படி நினைத்திருக்க முடியாது.

என் பக்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இடுக்கில் இப்போது சிவப்புக் கோடு. ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டேன். இருட்டத் தொடங்கிய நேரம் வண்டிச் சத்தம் கேட்டது. அவனுடைய வண்டி. மலையிறங்கியதுமே அந்தக் குடும்பம் வத்தலக்குண்டில் வேறு வண்டிக்கு மாறிவிட்டதாம். மதியம்வரை அங்கேயே வேறு சவாரிக்குக் காத்திருந்துவிட்டு, திரும்பி ஏறும்போது மேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து வந்திருக்கிறான். இதெல்லாம் அவன் அவளிடம் சொல்லக் கேட்டது. என் கதவைத் தட்டவில்லை. நேராக அங்கே போனான்.

"கணப்பா? யாரு வெச்சது?"

"மாமாதான். வாசல்ல ஒக்காந்து அவ்வளவு நேரம் விசிறி விசிறிக் கொண்டாந்தாரு."

"அண்ணனா? அப்பச் சரி."

அவன் கட்டிலில் சாயும் சத்தம் கேட்டது. விடியாமல் எழுந்து ஓட்டியவன், குரலிலேயே தூக்கம் இருந்தது.

"தல விண்ணுன்னு வலிக்குதுங்க. அத எடுத்து வெளிய வெச்சிருங்களேன்."

"காச்சத் தலவலி. செத்த நேரம் படு, சரியாயிரும். நாம தூங்குனதும் அண்ணனே வந்து எடுத்துரும். சின்னப்புள்ளைல இருந்து அதுக்கு அதான் சோலி. கதவுக்குத் தாழ்ப்பாப் போடாம வெச்சிருக்கேன்."

நீங்கள் கேட்கப்போகிற கேள்வி தெரியும். கேட்டது, சார். ஒரு சொல் விடாமல் கேட்டது.

அதற்குப் பிறகும் பேசினான். "நாளைக்கு ஆனந்த வரச்சொல்லிருக்கேன்." ஆனந்த் எங்கள் பக்கத்து எலக்ட்ரீஷியன். "நம்ம சுச்சு எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போயிப் பாத்தேன். அப்பவும் மீட்டர்ல செவப்பு லைட்டு துடிச்சுக்கிட்டே கெடக்கு. அண்ணன் பாத்ரூம் கீசருதான். கட் ஆகாம ராப்பகலா கொதிக்குது. ஒன் ஹீட்டரு பாவம், அது மேல பழி."

"மாமாட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா அதுக்கு மனசு ஒடஞ்சுரும். நான் வாங்கிக் குடுத்ததுல்ல. சத்தமில்லாமக் கழட்டிட்டுப் புதுசு மாட்டிருவோம். அப்டியே மீட்டரையும் பிரிச்சுக்கிருவோம். நல்லதா ஒரு செவுரும் கட்டணும்."

பிறகு அவர்கள் பேசவில்லை.

என் நாற்காலியிலிருந்து எழுந்து, வாசலைச் சுற்றி, அந்தக் கதவைத் தள்ளி, சட்டியைத் தூக்கிக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நேற்று நீங்களே நடந்து பார்த்தீர்கள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் நன்றாகத் தூங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் குளிர் தட்டி விழித்துக்கொள்வான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் அவன் மூச்சு சீராகிறதா என்று கவனித்தேன். சீராகிற மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்று இருந்தேன். 'அண்ணனே வந்து எடுத்துரும்.' அந்த வீட்டுக்குள்ளிருந்து அவன் என்னைப் பற்றி அப்படிச் சொல்லி எத்தனை காலமாகிவிட்டது. அதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ச் சட்டியை எடுத்துவிட்டால் அது முடிந்துவிடும். விடிந்தால் ஆனந்த் வந்துவிடுவான்.

ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. பாத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். பாத்திரம் அப்படி விழாது என்பதும் தெரியும்.

ராத்திரி, பக்கத்து வீட்டு ராஜகுமாரி உறைமோர் கேட்டு வந்தவள்தான் கதவைத் தள்ளினாள். லாவண்யா நிலைப்படியோரம் கிடந்தாள். வாந்தி வந்து எழுந்தவள் அங்கே விழுந்திருக்கிறாள். முகம் கதவின் கீழ்ச் சந்தில் இருந்ததால் பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் சொன்னார். மனோஜ் கட்டிலிலேயே இருந்தான், பலகையைப் பார்த்து ஒருக்களித்து. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் அவன் நெற்றி, இந்தப் பக்கம் என் நாற்காலியின் முதுகு. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாகவே இருந்தான்.

ஆஸ்பத்திரியில் உடலை வாங்கக் கையெழுத்துப் போடப் போனேன். மனைவி உயிரோடு இருக்கும்போது அவர்கள் போட்டால்தான் சரி என்றார்கள். லாவண்யா படுக்கையில் இருந்தபடியே போட்டாள். அதையும் அவள்தான் செய்ய வேண்டியிருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவன் கடைசியாக என்னைப் பற்றிச் சொன்னதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நல்ல பெண்தான்.

சாக்கை அடைத்தது நான். கங்கு வைத்தது நான். அது அவளுக்கு வைத்தது. அவன் உள்ளே வந்து படுத்த பிறகு எழுந்து போகாமல் இருந்ததும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. இவ்வளவும் எழுதியாகிவிட்டதா?

ஏன் என்ற இடத்தில் கரண்டு பில் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கேட்கிறவர்களுக்குப் புரியும். குளிர்காலத்தில் எல்லார் வீட்டிலும் உள்ள பிரச்சினைதான்.

ஒன்றே ஒன்று, சார். வீட்டைப் பூட்டிச் சீல் வைக்கும்போது உங்கள் ஆட்கள் மெயினை அணைத்துவிட வேண்டாம். குளியலறையில் கீசர் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எரியட்டும்.