கோணாத தையல்

"தையல் கோணலா இருந்தாத்தான் உள்ள விடுவினம், அக்கா."

டூட்டிங்கில் பாதாள ரயில் ஏறி எனக்கு எதிரே அமர்ந்த இரு பெண்களில் இளையவள் சொன்னாள். அவள் மடியில் பழங்கால இங்கிலாந்துப் போர்வீரனின் கம்பளி அங்கி கிடந்தது.

"என்னடி விசர்க்கதை?"

"இவர் சேர்ந்திருக்கிறது அறுநூறு வருசத்துக்கு முந்தின சண்டையை நடிக்கிற குழு. உடுப்பு கையால தைச்சதோ எண்டு வாசலில பாப்பினம். போன முறை பூதக்கண்ணாடி வச்சுப் பாத்திட்டு, மெஷின் தையல் எண்டு இவரைத் திருப்பி அனுப்பிப் போட்டினம்."

"கையால தைச்சனான் எண்டு நீ சொல்லேல்லையோ?"

"சொன்னனான். இவ்வளவு நேராக் கையால தைக்க ஏலாதாம்."

விண்ணப்பதாரரின் வாய்மொழி சான்றாகாது. எந்த அலுவலகத்திலும் விதி அதுதான்.

"பள்ளிக்கூடத்தில தையல் கோணினா சிஸ்டரிட்ட அடி வாங்கிப் பழகின கையெல்லோ," என்று மூத்தவள் சிரித்தாள். "இண்டைக்கும் விடாட்டி?"

"குழுவை விட்டிடப் போறாராம். இந்த நாட்டில இவருக்குக் கிடைச்ச சிநேகிதர் அவையள் மட்டுந்தான், அக்கா."

இளையவள் அங்கியின் கைவிளிம்புத் தையலைப் பிரித்து மறுபடி தைத்தாள். வண்டி நன்றாகவே குலுங்கியது. ஐந்தாறு தையல் போட்டபின் தூக்கிப் பார்த்தாள்.

"கடவுளே, திரும்பவும் நேரா வந்திட்டுது."