ஒரே மத்தியானத்தில் அழிந்த திட்டு

நாகப்பட்டினம் பேருந்து காரைக்காலைத் தாண்டியதும், முன் இருக்கைப் பெண் தன் கணவனிடம் சொன்னாள்: "உங்கம்மா மூணு வருஷமா என்னத் திட்டுனத, நேத்து ஒரே மத்தியானத்துல அழிச்சிட்டீங்களே!"

நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

"உன் போன் ஆமை மாதிரி இருந்துச்சு. கம்பெனிக்காரன் திணிச்சு வச்ச ஆப்பெல்லாம் நம்மளால எடுக்க முடியாது. கம்பெனி போட்ட பூட்டத் தொறந்து வேற சாப்ட்வேர் போட்டாத்தான் போகும்."

"தொறந்தா உள்ள இருக்கறதெல்லாம் அழியும்னு தெரியாதா?"

"தெரியும். போட்டோவெல்லாம் பத்திரமா எடுத்து வச்சேன்ல."

"ரெக்கார்டிங்க?"

"அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது, செல்வி."

"பூவம் ஊருலேருந்து வந்தவளுக்கு உப்பு எது, சர்க்கரை எதுன்னு தெரியாதுன்னு சொன்னது, என் சாம்பார மாட்டுக்கு ஊத்தச் சொன்னது, எல்லாத்தையும் தேதியோட வச்சிருந்தேன். ஆதாரம் காட்டுனா தனிக்குடித்தனம் போகலாம்னு உங்க மாமாதானே சொன்னாரு? இப்ப போலகத்துல அவரு வீட்டுக்குப் போயி எதப் போட்டுக் காட்டுவேன்?"

கணவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "இப்ப போன் எவ்வளவு வேகமா இருக்கு பாரு."

"ஸ்லோவா இருக்குன்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?"

"நீ சொல்லல. அம்மாதான் சொன்னாங்க. பாவம், அவ போன நல்லாத் தொடச்சிக் குடுடான்னாங்க."

அவள் கத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. போனை எடுத்து எதையோ தட்டி, அவன் வாய்க்கு நேராக நீட்டினாள். திரையில் சிவப்புப் புள்ளி மின்னியது.

"இப்ப சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க."